மண்ணெண்ணெய்க் காரும் ஹைபிரிட் காரும்: குடாநாட்டு ஊர்தி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை எழுதப் புகுந்தோர் நிலவுடைமை, சாதியமைப்பு, கல்வி, சமயம் ஆகியன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அதே குடாநாட்டின் வீதிகளில் ஓடிய ஊர்திகள் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. ஊர்தி என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரப் பொருள் என்றும், ஆராய்ச்சிக்குரிய பொருளன்று என்றும் கொள்ளப்பட்டமை இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் ஒரு சமூகம் தன் வெளியுலகத் தொடர்புகளை எவ்வாறு பெற்றது, அவற்றை இழந்த காலத்தில் எவ்வாறு தாக்குப்பிடித்தது என்பவற்றை அதன் ஊர்திகள் காட்டுவது போல வேறு பொருள்கள் காட்டுவது அரிது.

இன்று புதிய ஊர்தியொன்று சந்தைக்கு வந்தால் அதனை அதன் முந்திய வடிவத்தோடு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வொப்பீடு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? பெற்றோலில் மாத்திரம் ஓடிய பழைய வடிவத்தைவிட, பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வடிவம் சிக்கனமானது என்பது அதன் முடிவு. இம்முடிவு பிழையானதன்று. ஆனால் அக்கேள்வி ஒன்றே போதுமானதா என்பதை, எரிபொருள் கிடையாத காலங்களைக் கண்ட ஒரு நிலப்பகுதியின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒப்பிடப்படும் பொருளை அறிந்துகொள்வோம். இலங்கையில் மிகுதியாகக் காணப்படும் ஹைபிரிட் ஊர்திகளுள் ஒன்று ஹொண்டா வெசல். உயர்ந்த உடலமைப்புக் கொண்ட இவ்வகைச் சிறு ஊர்தியை ஹொண்டா நிறுவனம் முதன்முதலில் 1998ஆம் ஆண்டு எச்.ஆர்.வி. என்னும் பெயரில் வெளியிட்டது. அதில் இருந்தது 1.6 லீற்றர் கொள்ளளவுள்ள பெற்றோல் இயந்திரம் மாத்திரமே. 2006ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி நின்றது. பின்னர் 2013ஆம் ஆண்டு டிசம்பரில், முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்பட்டு, யப்பானில் வெசல் என்ற பெயரோடும் பிற நாடுகள் பலவற்றில் பழைய எச்.ஆர்.வி. என்ற பெயரோடும் அது மீண்டும் வந்தது. இம்முறை 1.5 லீற்றர் பெற்றோல் இயந்திரத்தோடு ஒரு மின்மோட்டாரும் லித்தியம் அயன் பற்றரியும் சேர்ந்திருந்தன. 2021ஆம் ஆண்டு வந்த இரண்டாந் தலைமுறை வெசலில் முறை மேலும் மாறியது. அதில் பெரும்பாலான வேளைகளில் சக்கரங்களைச் சுழற்றுவது மின்மோட்டாரே. பெற்றோல் இயந்திரத்தின் முதன்மைப் பணி மின்சாரம் பிறப்பிப்பதாகும். பழைய எச்.ஆர்.வி.யில் இயந்திரம் எசமானாக இருந்தது. புதிய வெசலில் அது மின்சாரத்தின் பணியாளாகிவிட்டது எனலாம்.

ஹைபிரிட் முறையின் இரகசியத்தை எம்மவர்க்கு விளக்குதல் கடினமன்று. 1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. அப்போது மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். அசைவு மின்சாரமாகலாம் என்பதை அக்காலத்துச் சிறுவரும் அறிந்திருந்தனர். ஹைபிரிட் காரும் அதனையே செய்கின்றது. சாதாரண கார் தடையைப் பிரயோகித்து நிற்கும்போது அதன் வேகம் முழுவதும் தடைக்கட்டைகளில் வெப்பமாகி வீணாகின்றது. ஹைபிரிட் காரில் அவ்வேளை மின்மோட்டார் டைனமோவாக மாறி, வீணாகும் அசைவின் ஒரு பகுதியைப் பற்றரியிற் சேர்க்கின்றது. மீண்டும் புறப்படும்போது அம்மின்சாரம் தள்ளிவிடுகின்றது. நிற்கும் வேளையில் இயந்திரம் தானாக அணைந்துவிடுகின்றது. வெசலின் முதற் தலைமுறைப் பற்றரி ஒரு கிலோவாட் மணியளவு சக்தியைத்தானும் கொள்ளாத சிறு பற்றரி. ஆகவே அது மின்சாரத்தை நெடுங்காலம் சேமித்துவைக்கும் களஞ்சியமன்று. வாங்கி உடனே கொடுக்கும் கைமாற்றுக்காரன் போன்றது.

இதனால் விளையும் பயன் எவ்வளவு? 2013ஆம் ஆண்டு வெசலிலே ஹைபிரிட் இல்லாத பெற்றோல் வகையும் இருந்தது. ஒரே உடலில் இரு முறைகளையும் ஒப்பிட அது நல்ல வாய்ப்பு. யப்பானிய அரச அளவீட்டின்படி ஹைபிரிட் வகைகளுள் மிகச் சிக்கனமானது லீற்றருக்கு 27 கிலோமீற்றர் ஓடியது. பெற்றோல் வகை ஏறக்குறைய 20 கிலோமீற்றர் ஓடியது. அளவீட்டுக் கூடத்துக் கணக்கு வீதியில் அப்படியே பலிப்பதில்லை. அதிலும் அடிக்கடி நின்று புறப்படும் நகர நெரிசலில்தான் ஹைபிரிட் தன் முழுத்திறனைக் காட்டும். மேடு பள்ளமற்ற குடாநாட்டில், ஏ-9 வீதியில் ஒரே வேகத்தில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பு சேரும் ஒருவருக்குக் கிடைக்கும் இலாபம், கொழும்பின் காலி வீதியில் காலை வேளை ஊர்ந்து செல்பவருக்குக் கிடைப்பதிலும் குறைவே. இது விளம்பரங்களில் இடம்பெறாத ஒரு செய்தி.

இவ்வளவும் எரிபொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேற் கட்டப்பட்ட கணக்கு. அந்நம்பிக்கை இல்லாத காலத்தில் ஒரு காரை எவ்வாறு மதிப்பிடுவது? இதற்கு விடை காண வெசலுக்கும் எச்.ஆர்.வி.க்கும் முந்திய ஒரு தலைமுறைக்குச் செல்ல வேண்டும். குடாநாட்டின் முதல் ‘இரு எரிபொருள்’ கார்கள் யப்பானிலிருந்து வந்தவையல்ல. அவை இங்கிலாந்திலே பெற்றோலுக்கென்று செய்யப்பட்டு, யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் மண்ணெண்ணெய்க்கு மாறியவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஏறக்குறைய 1947 முதல் 1957 வரையான காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் முதலிய ஆங்கிலக் கார்கள் இலங்கைக்கு மிகுதியாக வந்தன. குடாநாட்டில் அவற்றை வாங்கினோர் வைத்தியர், சட்டத்தரணிகள், வணிகர், மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியோர் போன்றோர். அவற்றுள் ஒஸ்ரின் ஏ-40 தனிச் செல்வாக்குப் பெற்றது. அதன் டெவன் வடிவம் 1947 முதலும், சோமர்செற் வடிவம் 1952 முதல் 1954 வரையும், அதன்பின் கேம்பிறிஜ் வடிவமும் உற்பத்தியாயின. சோமர்செற்றின் இயந்திரம் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட குதிரைவலுவும் கொண்டது. முதற் தலைமுறை வெசலின் பெற்றோல் இயந்திரம் தனித்தே 130 குதிரைவலுவரை தருவதோடு ஒப்பிட்டால் அது மிக எளிய இயந்திரம்.

இக்கார்களின் வயதை அறிய அவற்றின் இலக்கத் தகடே போதுமானது. 1950களின் நடுப்பகுதி வரை பதிவானவை ஆங்கில எழுத்துகள் இரண்டைத் தாங்கின. அதன்பின் சிங்கள ‘சிறீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த சிறீ எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழரசுக் கட்சியினர் தம் கார்களில் தமிழ்ச் ‘சிறீ’ எழுதி ஓட்டினர். ஓர் இரும்புத் தகட்டில் நாட்டின் அரசியல் வரலாறு பொறிக்கப்பட்டிருப்பதை இதில் காண்கின்றோம். ஆயினும் இது தனியே ஆராயப்பட வேண்டிய பொருள்.

1950களில் வந்த கார்கள் 1990களிலும் குடாநாட்டில் ஓடியது ஏன்? பழமைப்பற்று என்று விடை கூறுவோர் உளர். அவ்விடை மேலோட்டமானது. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியைத் தொடர்ந்து இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு அக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. புதிய கார் வராதவிடத்துப் பழைய காரை அழியவிடாது காப்பது கட்டாயமாயிற்று. உதிரிப்பாகம் கிடையாதவிடத்து அதனைக் கடைந்தெடுப்பதும், பிற காரின் பாகத்தைப் பொருத்துவதும் கராஜ்களின் அன்றாடத் தொழிலாயின. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை யப்பானிய ஊர்திகளை நாடெங்கும் கொணர்ந்தபோதும், யாழ் நகரில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் உடனே மறைந்துவிடவில்லை. ஆகவே, 1990ஆம் ஆண்டு பொருளாதாரத் தடை வந்தபோது அதனை எதிர்கொண்ட கராஜ்காரருக்குப் பற்றாக்குறை புதிய அனுபவமன்று. முப்பதாண்டுப் பயிற்சி அவர்தம் கையில் இருந்தது.

குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது 1987ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தடுக்கப்பட்டது. அவ்வாண்டு யூலையில் இந்திய இலங்கை உடன்படிக்கை வரும்வரை அத்தடை நீடித்தது. நீண்டதும் கொடியதுமான தடை 1990 யூனில் போர் மூண்டபின் வந்தது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து முதலிய பல பொருள்கள் தடைப்பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் மாத்திரம், விளக்குக்கும் அடுப்புக்கும் என, கட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. பெற்றோல் கள்ளமாகச் சிறுபோத்தல்களிற் கைமாறும் அரிய திரவமாயிற்று. இந்நிலையிலேயே கார்களும், எம்.டி.90 போன்ற மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின.

அம்மாற்றத்தின் செய்முறை எளியது, ஆனால் அறிவார்ந்தது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, ஆகவே தீப்பற்றாது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். எனவே இயந்திரத்தை உயிர்ப்பிக்கச் சில துளி பெற்றோல் காபுரேற்றரில் விடப்பட்டது. அல்லது சிறு போத்தலொன்றிலிருந்து குழாய்வழி ஊட்டப்பட்டது. இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டது. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, காபுரேற்றரில் எஞ்சிய மண்ணெண்ணெயை எரித்துவிடுவதே முறை. அவ்வாறு செய்யாவிடின் அடுத்தமுறை புறப்படுவது பெரும்பாடு. ஆனால் அதற்கு வேண்டிய பெற்றோலும் பலரிடம் இருந்ததில்லை.

இம்முறை எங்கிருந்து வந்தது? ஒருவர் திடீரெனக் கண்டுபிடித்தார் என்று கதை கூறுவது இலகு. என் கருத்து வேறு. இங்கிலாந்தில் 1946ஆம் ஆண்டு வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திரத்துக்கு 1949இல் ஒரு வகை சேர்க்கப்பட்டது. அது பெற்றோலிற் புறப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மலிவான எண்ணெய்க்கு மாறி ஓடுவது. அதில் இரு எரிபொருள்களுக்கும் தனித்தனி இடமும் மாற்றுவதற்கொரு திருகுகுழாயும் இருந்தன. அதே முறையில் இயங்கிய சிறு நீரிறைக்கும் இயந்திரங்களும் உலகெங்கும் பரவின. ஆறில்லாத குடாநாட்டில் வேளாண்மை கிணற்றை நம்பியது. துலாமிதித்து இறைத்த தோட்டங்களில் 1950களின் பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் இடம்பிடித்தபோது, பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நீர்பாய்ச்சிய கமக்காரனுக்குப் பழகிய பொருளாயிற்று. கரையோர மீனவர் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களும் இவ்வகையின. ஆகவே 1990இல் நிகழ்ந்தது, தோட்டத்திலும் கடலிலும் ஏற்கெனவே இருந்த அறிவு வீதிக்கு ஏறியமையே ஆகும். காரை வைத்திருந்தவர்களிடமிருந்து அன்று. மண்ணில் உழைத்தவர்களிடமிருந்து வந்த அறிவு அது என்பதே இங்கு முக்கியமானது.

இவ்வறிவு மாத்திரம் போதாது. அதனை ஏற்கும் இயந்திரமும் வேண்டும். ஒஸ்ரின் ஏ-40 அதற்கு ஏற்றதாய் அமைந்ததற்குச் சில காரணங்கள் உள. இயந்திரத்தின் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு நெருக்கப்படுகின்றன என்பதனை அழுத்த விகிதம் என்பர். மண்ணெண்ணெய் அதிக நெருக்கத்தைத் தாங்காது. உரிய வேளைக்கு முன்னரே வெடித்துத் ‘தட்டும்’. பேர்குசன் உழவு இயந்திரத்தின் மண்ணெண்ணெய் வகையில் இவ்விகிதம் ஏறக்குறைய ஐந்து. ஏ-40இல் அது ஏழுக்குச் சற்று மேல். இது மண்ணெண்ணெய்க்கு உகந்த அளவன்று. ஆயினும் சுமையைக் குறைத்து மெதுவாக ஓட்டினால் சமாளிக்கக்கூடிய அளவு. மேலும், ஏ-40இன் இயந்திரத்தில் புகைபோகும் குழாயும் எரிபொருட் கலவை உட்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் அருகருகே அமைந்துள்ளன. புகையின் வெப்பம் உட்செல்லும் கலவையைச் சூடாக்கும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு வேண்டியதும் அதுவே. இன்னொன்று: பற்றரி செத்துப்போயினும், முன்புறத் துளையில் இரும்பு ‘ஹாண்டி’லைச் செலுத்திக் கையாற் சுழற்றி அக்காரைப் புறப்படச் செய்யலாம். மின்கலமே தடைசெய்யப்பட்ட நாட்டில் இதன் பெறுமதியைக் கூறவேண்டியதில்லை.

ஹொண்டாவின் இரு தலைமுறைகளையும் இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். 1998ஆம் ஆண்டு எச்.ஆர்.வி.யிலேயே காபுரேற்றர் இல்லை. எரிபொருளை அளந்து பீச்சுவது கணினி கட்டுப்படுத்தும் பீச்சுமுனை. தாங்கிக்குள் இருக்கும் மின்பம்பியே எரிபொருளை அனுப்புவது. போத்தலைத் தூக்கிக் கட்டிச் சில துளி விடுவதற்கு அங்கே இடமில்லை. வெசலின் ஹைபிரிட் இயந்திரத்தில் பெற்றோல் நேரே உருளைக்குள் உயர் அழுத்தத்தில் பீச்சப்படுகின்றது. அழுத்த விகிதமோ பதினொன்றுக்கும் மேல். இரு சக்திகளால் ஓடுவதாகச் சொல்லப்படும் இக்காருக்கு வெளியிலிருந்து ஊட்டக்கூடிய உணவு ஒன்றே, அது பெற்றோல். அதன் மின்சாரம் முழுவதும் அதே பெற்றோலிலிருந்து பிறந்தது. மின்செருகியிற் பொருத்திச் சக்தியேற்றும் வசதியும் வெசலில் இல்லை. பெற்றோல் தீர்ந்தால் அதன் பற்றரி காரைச் சில கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டு செல்லாது. இவ்வகையிற் பார்த்தால், பெயரில் ஹைபிரிட்டான கார் ஓர் எரிபொருளுக்கே கட்டுப்பட்டது. பெயரில் பெற்றோல் காரானது இரண்டில் ஓடியது.

இதனால் மண்ணெண்ணெய்க் காரே சிறந்தது என்று முடிவு கட்டுவது பெருந்தவறாகும். அண்மைக் காலத்தில் ஏ-40 கார் குடாநாட்டுத் திருமணங்களில் மணமக்களைச் சுமக்கும் அலங்கார ஊர்தியாகிவிட்டது. தடைக்காலத்து மண்ணெண்ணெய்க் கார் பற்றிய பேச்சும் ‘எங்கள் ஆக்களின் மூளை’ என்ற பெருமிதத்தோடு நின்றுவிடுகின்றது. பெருமிதத்துக்கு இடமுண்டு. ஆனால் அக்கார் நோயுற்ற கார் என்பதனையும் சொல்லவேண்டும். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் வெண்புகையாக வெளியேறி வீதியிற் சென்றவரின் கண்ணையும் மூச்சையும் வருத்தியது. எஞ்சியது உருளைச் சுவர் வழியே கசிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. அந்த எண்ணெயோ பெற்றோலைப் போலவே அரிது. பிளக்குகளில் கரிபிடித்தது, அடிக்கடி கழற்றிச் சுரண்ட வேண்டியிருந்தது. வலு குறைந்தது. நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேளையில் இயந்திரம் புறப்பட மறுத்தால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மண்ணெண்ணெய் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. மின்சாரமற்ற அக்காலத்தில் இரவின் ஒளி முழுவதும் மண்ணெண்ணெயிலேயே தங்கியிருந்தது. அதனையும் மிச்சம்பிடிக்க, ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுச் சிறு திரியில் எரியவிடும் ‘சிக்கன விளக்கு’ வீடுதோறும் வந்தது. அன்றைய மாணவர் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது அவ்வொளியிலேதான். மண்ணெண்ணெய்க் கார் ஒரு லீற்றரை எரித்துச் சில கிலோமீற்றர் ஓடும். அதே ஒரு லீற்றர் சிக்கன விளக்கில் பல இரவுகளுக்குப் போதும். எனவே வாடகைக் கார்க் கூலியில் எவரோ ஒருவரின் வெளிச்சமும் அடங்கியிருந்தது. கார் அவசியமில்லாத வேளையில் அதில் ஏறியோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். பெரும்பான்மை மக்கள் சைக்கிளிலேயே சென்றனர். விறகும் மரக்கறியும் நோயாளரும்கூடச் சைக்கிளிற் சென்றனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது மிகப் பெரும்பாலோரை நகர்த்தியது காரன்று, சைக்கிளும் கால்களுமே. காரின் வரலாற்றை எழுதும்போது அது எத்துணைச் சிறுபான்மையின் வரலாறு என்பதை மறந்துவிடலாகாது.

தடைக்கால உத்திகள் எமக்கு மாத்திரம் உரியனவும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோல் இன்றி ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கரியை எரித்து அதன் வாயுவால் பேருந்துகள் ஓடின. தமிழ்நாட்டில் அவற்றைக் ‘கரி பஸ்’ என்றனர். போர் முடிந்ததும் அவை மறைந்தன. இல்லாமை தீர்ந்தவுடன் இல்லாமையின் தொழில்நுட்பமும் மறைவது பொதுவிதி போலும்.

2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்ட் மாதத்தில் அது மூடப்பட்டுக் குடாநாடு மீண்டும் கடல்வழியை நம்பவேண்டியதாயிற்று. 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்து வீதி மறுபடி திறந்தபின்னரே ஊர்திகள் பெருமளவில் வரத் தொடங்கின. அக்காலமும் அரசு ஹைபிரிட் ஊர்திகளுக்கு வரிச்சலுகை அளித்த காலமும் ஒன்றையொன்று ஒட்டி வந்தமை கவனிக்கத்தக்கது. ரொயோட்டா பிறியஸ், அக்குவா, ஹொண்டா பிற், வெசல் ஆகியன யப்பானிற் பாவிக்கப்பட்ட நிலையிலும் புதிதாகவும் இலங்கையின் வீதிகளை நிறைத்தன. தெற்கிலே ஆங்கிலக் காருக்கும் ஹைபிரிட் காருக்கும் இடையே ஒரு நீண்ட யப்பானியப் பெற்றோல் காலம் இருந்தது. குடாநாட்டில் அவ்விடைக்காலம் போரினால் சுருங்கிவிட்டது. ஒஸ்ரினுக்கும் வெசலுக்கும் இடையே இங்கு உள்ள தூரம் மிகக் குறுகியது.

ஹைபிரிட்டின் உண்மையான சோதனை 2022ஆம் ஆண்டு வந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து நாடு முழுவதும் எரிபொருள் வரிசைகள் நீண்டன. யூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்தோருக்கு விற்பனை சில நாள் நிறுத்தப்பட்டது. யூலையில் வந்த கியூ.ஆர். அட்டை முறை, தொடக்கத்தில், வாரமொன்றுக்குக் காருக்கு 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றரும் அளித்தது. இப்பங்கீட்டில் ஹைபிரிட் தன் தகுதியை நிலைநாட்டியது என்பதை மறுக்க இயலாது. மேலே கண்ட அளவீட்டின்படி 20 லீற்றரில் பெற்றோல் வெசல் 400 கிலோமீற்றர் ஓடும். ஹைபிரிட் வெசல் 540 கிலோமீற்றர் வரை ஓடும். குறைவாகக் கிடைக்கும் காலத்தில் ஹைபிரிட் காப்பாற்றும். எதுவுமே கிடையாத காலத்தில் அது கைவிடும். 1990இன் பற்றாக்குறை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2022இனது பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது.

பழுதுபார்க்கும் அறிவு பற்றியும் ஒரு சொல். வெசலின் முதற் தலைமுறையில் இரட்டைக் கிளச் கொண்ட கியர்ப்பெட்டியைக் கட்டுப்படுத்தும் கணினி நிரலிற் குறை காணப்பட்டு, 2014ஆம் ஆண்டு யப்பானிலே அவை திரும்ப அழைக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. அக்குறை ஓர் இரும்புத் துண்டில் இருந்ததன்று. எழுதப்பட்ட கட்டளைகளில் இருந்தது. அரத்தாலும் கடைச்சல் பொறியாலும் திருத்த இயலாத பழுது அது. குடாநாட்டுக் கராஜ்காரரின் கைத்திறன் இங்கே வாயிலில் நின்றுவிடுகின்றது என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தம் முழுதும் சரியன்று. அக்குவாவின் பற்றரி இருபது கூறுகளால் ஆனது. இரண்டாந் தலைமுறைப் பிறியஸின் பற்றரி இருபத்தெட்டுக் கூறுகளால் ஆனது. பற்றரி கெட்டுவிட்டது என்று சொல்லப்படும்போது, பெரும்பாலும் கெட்டிருப்பவை ஒன்றிரண்டு கூறுகளே. முழுப் பற்றரியையும் மாற்றாது, அக்கூறுகளை அளந்து கண்டு அவற்றை மாத்திரம் மாற்றும் தொழிலை இலங்கையின் கராஜ்காரர் கற்றுக்கொண்டுவிட்டனர். உயிரைப் பறிக்கவல்ல மின்னழுத்தத்தோடு செய்யும் தொழில் அது. தடைக்காலத்து மூளை மறைந்துவிடவில்லை. வேறு பொருளைத் தேடிச் சென்றுள்ளது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காபுரேற்றரைத் திறந்து பார்த்தால் அதன் வேலை கண்ணுக்குத் தெரியும், பார்த்தவன் கற்றுக்கொள்வான். கணினிப் பெட்டியைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. அதன் அறிவு ஏட்டிலும் கல்விக்கூடத்திலும் பெறவேண்டியது. எமது பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் 2014ஆம் ஆண்டுதான் இயங்கத் தொடங்கியது. அங்கு பயில்வோருக்கும் தெருவோரக் கராஜ்களுக்கும் இடையே ஒரு பாதை திறக்குமாயின் அது பயனுள்ள பாதையாகும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட ஊர்தி இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. உலகச் சந்தையிலோ ஒப்பீட்டுக்குரிய பெற்றோல் வடிவமே மறைந்து வருகின்றது. 1994இல் பெற்றோல் ஊர்தியாகப் பிறந்த ரொயோட்டா ராவ்-4, 2025இல் அறிமுகமான தன் ஆறாந் தலைமுறையில் ஹைபிரிட்டாகவும் செருகி ஏற்றும் ஹைபிரிட்டாகவும் மாத்திரமே வருகின்றது.

பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெய்க்கு மாறும் அந்தப் பழைய முறை வீதியிலிருந்து நீங்கிவிட்டது, கரையிலிருந்து நீங்கவில்லை. மண்ணெண்ணெய் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகள் இன்றும் அம்முறையிலேயே கடலுக்குப் போகின்றன. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கணக்கிட்ட கார்க்காரரை அது தொடவில்லை. அதனைக் கணக்கிட்டுப் படகை மணலில் ஏற்றிவைத்தவர் மீனவரே.